கடைசி வளையம்

சம்பூரணத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள். மூக்கில் குழாய் இருந்தது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்திருந்தார்கள். "ஏனுங்க, பெட்டி சுத்திட்டே கெடக்குது. போய் நிறுத்திப்போட்டு வாங்க. தட்டு வீணாப்போயிரும்" என்றாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒருத்தி சொல்கிற பேச்சா இது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. காலையில் அவள் அடுப்படியில் சரிந்தபோது கூடத்தில் ரிக்கார்டுப் பெட்டியில் புல்லாங்குழல் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த ஆட்டோவில் அவளை ஏற்றியபோதும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த யாருக்கும் நினைவில்லை. பாட்டு முடிந்து முள் கடைசி வளையத்துக்குப் போய், டப் என்று ஒரு சத்தம், ஒரு மௌனம், மறுபடி டப், இப்படியே காலி வீட்டில் பகல் முழுதும் சுற்றிக்கொண்டிருக்கும் என்று எனக்கும் தெரியும். சரி, போய்விட்டு வருகிறேன் என்றேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன், அன்றைக்கும் நினைத்தேன், ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே நினைத்தேன், ஆனால் கால்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆட்டோ பிடித்திருக்கலாம், பஸ்ஸில் போனேன். பஸ் சிங்காநல்லூர் சிக்னலில் நின்றது. முன் சீட்டில் ஒரு பெண் முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கட்டின் வாழைநார் முடிச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, சம்பூரணத்தின் முகத்தில் குழாய் எந்தப் பக்கம் போயிற்று என்பது நினைவில்லை. வீட்டைத் திறந்தபோது பெட்டி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. முள்ளை நான் தூக்கினேன். என் கையால் அதைத் தூக்கியது அதுதான் முதல் தடவை, எப்போதும் அவள்தான் வைப்பாள், அவள்தான் எடுப்பாள், என் விரல் சின்ன வயதிலிருந்தே நடுங்கும். திரும்பிப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

அந்தத் தட்டுதான் இப்போது என் மடியில், துணிப்பைக்குள் இருக்கிறது. அன்றைக்கு உறைக்குள் போட்டவன் பிறகு வருஷக்கணக்காக எடுக்கவே இல்லை. பெட்டியும் அப்படியே நின்றுபோயிற்று, உள்ளே ரப்பர் இளகிப் பிசின் மாதிரி ஆகிவிட்டது, மோட்டார் உறுமுகிறது, சுற்றுவதில்லை. நான் உட்கார்ந்திருப்பது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடி. கீழே டாக்டர் இளங்குமரன் பல் பிடுங்குகிறார், மாடியில் டர்ன்டேபிள், தட்டு சுற்றுகிற மெஷின், விற்கிறார். போன மாதம் கடைவாய்ப் பல்லுக்காக வந்து வாயைத் திறந்து படுத்திருந்தபோது மேலேயிருந்து வயலின் கேட்டது, ரேடியோ இல்லை, முள் தட்டில் பொரிகிற அந்தச் சின்னச் சின்னச் சத்தம் எனக்குத் தெரியும், வாயில் பஞ்சோடு கையை மேலே காட்டினேன். டாக்டர் சிரித்தார். உங்ககிட்ட ரிக்கார்டு இருக்குதுங்களா சார் என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது. வீட்டுக்குப் போய்த் தட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான், இந்தத் தட்டு வீணாகிவிட்டதா இல்லையா என்று தெரிய வேண்டும். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றைத்தான். வீணாகியிருந்தால் நான் போனதும் பிரயோஜனமில்லை, அவள் பக்கத்தில் இல்லாமல் போனதும் பிரயோஜனமில்லை. நன்றாக இருந்தால், இருந்தால் என்ன, அதை நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. கீழே துளைக்கிற மெஷின் கீச்சிடுகிறது. யாரோ ஒருவருடைய பல்லுக்குள் அது போகிறது. என் நாக்கு தானாக என் கடைவாய்க்குப் போகிறது. இந்த நாற்காலியின் கைப்பிடி மரம், வழவழப்பாக இருக்கிறது, விரல் அதன் மேல் தட்டிக்கொண்டே இருக்கிறது, நிறுத்தினால் கால் ஆடுகிறது.

டாக்டருக்கு ஒரு முறை இருக்கிறது. கீழே ஒருவருக்கு மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டு, மரக்கிற நேரத்தில் மாடிக்கு ஏறி வந்துவிடுகிறார். பச்சை அங்கி, நெற்றியில் பூதக்கண்ணாடி பொருத்திய பட்டை, கையில் மருந்து வாசனை. வந்ததும் எனக்கு வரிசையாகக் காட்டினார். சுவரோரம் மூன்று மெஷின்கள். என் காலத்தில் பெட்டி என்றால் மூடி, ஸ்பீக்கர், கைப்பிடி எல்லாம் சேர்ந்து ஒன்று, சூட்கேஸ் மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம். இவை ஒன்றும் பெட்டியே இல்லை, ஒரு பலகை, அதன் மேல் ஒரு வட்டம், முள்ளைத் தாங்குகிற ஒரு கை. பழைய கம்பெனிப் பேர்களைச் சொல்லாதீங்க சார், அவங்களெல்லாம் போயாச்சு, இப்ப புதுசா வந்தவங்கதான் நல்லாப் பண்றாங்க என்று ஆரம்பித்தார். முதலாவது இங்கிலாந்துக்காரர்களுடையது, ரேகா என்று பெயர். ரேகா என்றால் எங்கள் ஆலையில் நூல் சிட்டக் கட்டுகளை நிறுக்கிற பெண்ணின் பெயர். இது ஆரம்பித்த இரண்டு பேருடைய வீட்டுப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்ததாம். அவர்கள் ஆரம்பித்தே ஐம்பது வருஷம் ஆயிற்று என்றார், ஆகட்டும், எனக்கு என் பெட்டிக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் புதியவர்கள்தான். தூக்கிப் பாருங்க என்றார். பிஸ்கட் டப்பா மாதிரி கனமே இல்லை. வேகம் மாற்ற வேண்டுமானால் சுற்றுகிற வட்டத்தை எடுத்துவிட்டு அடியில் பெல்ட்டைக் கையால் மாற்றிப் போட வேண்டும், பொத்தான் இல்லை, விளக்கு இல்லை, பாட்டு முடிந்தால் தானாக நிற்பதும் இல்லை. ஒண்ணுமே இல்லாததுதான் அதோட விசேஷம் என்றார். இரண்டாவது ஆஸ்திரியாக்காரர்களுடையது, புரோ-ஜெக்ட், உலகமே தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு சி.டி. வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில் ஆரம்பித்தவர்களாம். அதை அவர் சொன்னபோது எனக்கு அந்த ஆள்கள் மேல் ஒரு பிரியம் வந்தது. மூன்றாவது கனடா, ஃப்ளூயன்ஸ், பாட்டு முடிந்ததும் வட்டம் தானாக நின்றுவிடும். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஒன்று இருக்கிறதாம், அமெரிக்காவில் மூன்று சிநேகிதர்கள் முன்பின் தெரியாதவர்களிடம் இன்டர்நெட்டில் பணம் திரட்டி ஆரம்பித்தது, யூ-டர்ன் என்று பெயர், போனில் படம் காட்டினார், அதை இங்கே தருவிப்பது கஷ்டம் என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதெல்லாம் எனக்குப் புரிந்தது. ஆலையில் நூல் குடோன் குமாஸ்தாவாக இருந்தவன் நான், எட்டாவதோடு சரி, இங்கிலீஷ் படித்ததே தட்டு உறைகளின் பின்பக்கத்தில்தான், டவுன்ஹால் பக்கம் பழைய கடையில் நின்றுகொண்டே. புரியாதது வேறு. இத்தனை பேர், இத்தனை தேசத்தில், ஒரு தட்டைச் சத்தமில்லாமல் சுற்ற வைக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் எதுவும் வேண்டாம், எனக்கு வேண்டியது தானாக நிற்கிற ஒன்று, அன்றைக்கு எங்கள் வீட்டில் தானாக நிற்கிற ஒன்று இருந்திருந்தால் அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள், நான் சிங்காநல்லூர் சிக்னலில் நின்றிருக்க மாட்டேன்.

என் மகள் பூங்கோதை ஓசூரில் இருக்கிறாள். அவள் போன வாரம் போனில், அப்பா எதுக்குப்பா மெஷினு, அதே பாட்டு போன்லயே இருக்குது என்று சொல்லி அதை அனுப்பி வைத்தாள். இருக்கிறது. அதே புல்லாங்குழல், அதே ராகம், கேட்டேன். நேராக இருந்தது. எங்கள் தட்டில் அது நேராக இருக்காது. அதை வாங்கி வந்த அன்றைக்கு, கல்யாணமான புதிது, பழனி பஸ், உட்கார இடமில்லை, கண்டக்டர் குடுங்கம்மா நான் வைக்கிறேன் என்று வாங்கி டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் வைத்துவிட்டார். இறங்கும்போது உறை சுட்டது. சம்பூரணம் அதைச் சுடுகிற தோசை மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டில் போட்டுப் பார்த்தால் தட்டு ஓர் ஓரத்தில் அலை அடித்திருந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் புல்லாங்குழல் ஒரு தடவை லேசாக முங்கி எழுந்தது, அலை வருகிற இடத்தில் முள் எகிறிக் குதித்தது. அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அஞ்சறைப்பெட்டி மூடியில் கிடந்த நாலணாக் காசை எடுத்து, பானையிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி, முள்ளின் தலை மேல் அந்தக் காசை ஒட்டினாள். முள் குதிக்கவில்லை. புல்லாங்குழல் மட்டும் முங்கி எழுந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது அப்படித்தான் பழகிப்போயிற்று, ஆற்றில் போகிற மாதிரி இருக்கும். பருக்கை காய்ந்தால் காசு விழும், வேறு பருக்கை வைப்பாள், பின்னால் ஆலையின் முதலுதவிப் பெட்டியிலிருந்து நான் பிளாஸ்திரி கொண்டுவந்தேன். காலையில் அவள் சமைக்கும்போது முதல் பக்கம். அது முடிகிற நேரத்துக்கு ஆலைச் சங்கு, நான் எழுந்துகொள்ள வேண்டும். சங்கு நின்று, ஆலையும் நின்று, நான் வீட்டோடு வந்த பிறகும் முதல் பக்கம் முடிந்தால் எழுந்துகொள்வேன், எங்கே போவது என்று தெரியாமல் திண்டாடி மறுபடி உட்காருவேன், அவள் அடுப்படியிலிருந்து பார்த்துச் சிரிப்பாள், சிஃப்டுக்கு நேரமாச்சுங்களா என்பாள்.

டாக்டர் இப்போது தட்டை உறையிலிருந்து எடுத்து, விளக்கின் அடியில் சாய்த்து, நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பார்க்கிறார். பல்லைப் பார்க்கிற மாதிரியே. இப்படித்தான் ஆஸ்பத்திரியில் ஒருவர் அவளுடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டியின் முள் தலையையும் நான் கழற்றிக் கொண்டுவந்திருந்தேன், மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து. அதைத் திறந்தார். பிறகு இடுக்கியால் தூக்கிப் பிடித்தார். பிளாஸ்திரி பழுப்பேறி, அதற்குள் காசு.

"யாருங்க சார் இந்த வேலை பண்ணுனது?"

கேலியாகத்தான் கேட்டார், கெட்ட எண்ணமில்லை. சொத்தையை விட்டுவைத்தவனிடம் கேட்கிற மாதிரி. அந்தப் பருக்கையை நசுக்கிய பெருவிரல், அதன் நகத்தில் மஞ்சள் கறை, அதை இவரிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் அடுத்து அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

"நான்தானுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். முள்ளு ஏற்கெனவே கனம் சார், அது மேல காசு வேற, முள்ளு ஓடற பள்ளத்தோட சுவரை உழுதுபோட்டுது பாருங்க, வெள்ளையா தெரியுதில்ல என்றார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பார்த்தேன். கறுப்பு வயலில் ஏர் போன மாதிரி வரி வரியாக, அதில் ஓரம் வெளுத்திருந்தது. அது எத்தனை காலை, எத்தனை சமையல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் சொல்வது பாதி காதில் விழுந்தது. காசு வைத்ததே தப்பு, இந்தக் காலத்துக் கை இந்த அலையெல்லாம் தானே ஏறி இறங்கிவிடும். ஆனால் ஒன்று, பழைய முள் மொட்டை, பள்ளத்தின் மேல் பாகத்தில்தான் உட்கார்ந்து ஓடியிருக்கிறது, புது முள் கூர், இன்னும் கீழே இறங்கிப் படிக்கும், அங்கே தேயாமல் மிச்சம் இருந்தாலும் இருக்கும். போட்டாத்தான் தெரியும் என்றார். போடட்டுங்களா சார் என்றார். தலையை ஆட்டினேன்.

ஆஸ்திரிய மெஷினில் வைத்தார். நடுவில் ஒரு வில்லையைத் திருகி அமுக்கினார், அலை படிந்து தட்டு சமமாயிற்று. கையைத் தூக்கி இறக்க ஒரு சின்னத் தண்டு, அதை விரலால் தள்ளினால் முள் தூக்கத்தில் இறங்குகிற மாதிரி மெதுவாக இறங்குகிறது, நடுங்குகிற கைக்கும் அது நடுங்காது. இதை யாராவது முன்பே செய்திருந்தால் நானும் வைத்திருப்பேன், அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டியிருந்திருக்காது. பொரிகிற சத்தம். பிறகு தம்பூரா. பிறகு குழல். வந்துவிட்டது. தேய்ந்திருந்தது, மணல் மேல் துணி இழுக்கிற மாதிரி ஓர் அரவம் கூடவே வந்தது, ஆனால் குழல் அதற்கு அடியில் இருந்தது, முழுசாக இருந்தது, குழல்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது, எங்கள் பெட்டியில் அவர் மூச்சு விட்டு நான் கேட்டதே இல்லை. டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது, பார்த்தீங்களா சார், உயிர் இருக்குது என்றார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏதோ ஒன்று சரியில்லை, செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி, என்ன என்று தேடினேன். முங்கி எழவில்லை. நேராகப் போய்க்கொண்டிருந்தது, பூங்கோதை அனுப்பின மாதிரியே. அந்த வில்லையை எடுத்துடுங்க டாக்டர் என்றேன். எடுத்தா அலை வருமே சார் என்றார். வரட்டுங்க என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முள்ளைத் தூக்கி, தட்டை இங்கிலாந்து மெஷினுக்கு மாற்றினார், இதுல வில்லையே கிடையாது, இதுதான் உங்களுக்குச் சரி என்றார். ஆரம்பத்திலிருந்து வைத்தார். தம்பூரா. குழல். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முங்கி எழுந்தது. முள் குதிக்கவில்லை. காசு இல்லாமலே ஏறி இறங்கிற்று.

"சார், தாளம் போடாதீங்க, மேஜை அதிருது" என்றார் டாக்டர். அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடியிலிருந்து எப்போது மேஜைக்குப் போயிற்றோ, ஆட்காட்டி விரல் தட்டிக்கொண்டிருந்தது. அதுவும் தாளம் இல்லை, பாட்டோடு சேரவே இல்லை. ஒரு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. கையை மடியில் வைத்துக்கொண்டேன். இது நல்ல மெஷின்தானுங்க, ஆனா எனக்குத் தானா நிக்கிறதுதான் வேணும், அந்த கனடாக்காரரோடது என்றேன். அது ஏன் சார் அப்படி ஒரு பிடிவாதம் என்றார். கடைசியில் சுத்திட்டே கெடந்தால் தட்டு வீணாப்போயிருமில்லீங்களா என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது, சம்பூரணத்தின் வார்த்தைகள், அதே வரிசையில்.

டாக்டர் சிரித்தார். "கடைசி வளையத்துல பாட்டே கெடையாதுங்களே சார். வெறும் பள்ளம். நாள் பூரா சுத்துனாலும் தேயறதுக்கு அங்க என்ன இருக்குது? முள்ளு கொஞ்சம் தேயும், அவ்வளவுதான். மாத்திக்கலாம்."

கீழேயிருந்து நர்ஸ் குரல் கொடுத்தாள், டாக்டர், மரத்துருச்சாம், உதடே இல்லைங்கறாங்க என்று. இருங்க சார், ஒரே பல்லு, பிடுங்கிப்போட்டு வந்தர்றேன் என்று படியில் இறங்கினார். நானும் குழலும் மட்டும் இருந்தோம்.

வெறும் பள்ளம். இது எனக்குத் தெரியாதா, தெரியும், கண்ணால் பார்த்தாலே தெரியும், பாட்டு முடிகிற இடத்துக்கும் நடுவில் ஒட்டிய தாளுக்கும் இடையில் பளபளவென்று ஒரு வெற்றிடம், அதில் ஒற்றைக் கோடு. தெரிந்தும் நினைக்காத விஷயம். அப்படியானால் அவள் எதற்காக, முள்ளுக்காகவா, முள் போனால் போகிறது என்று ஒப்பணக்கார வீதியில் எத்தனை வாங்கியிருக்கிறோம். அவளுக்குத் தெரிந்திருக்காது, பாவம், பயந்திருக்கிறாள், மூச்சு முட்டுகிற நேரத்தில் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் இருக்கும். குழல் முங்கி எழுகிறது. இப்போது மேல் ஸ்தாயிக்கு ஏறுகிற இடம், இங்கேதான் அவள் கடுகு போடுவாள், எண்ணெய் சத்தத்தில் இந்த இடம் எனக்கு எப்போதும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறது, நடுவில் ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது, குழல்காரர் தவறினாரா வேண்டுமென்றே நின்றாரா. அவளுக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்கிறேன். முள் வைத்தவள் அவள். பெட்டியைத் துடைத்தவள் அவள். மாவு பிசைந்துகொண்டிருப்பாள், பாட்டு முடிந்து டப் டப் என்று ஆரம்பிக்கும், எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது. அந்தச் சத்தம் ஆரம்பித்தால் என்னால் உட்கார முடியாது, பல்லில் சாக்பீஸ் கீறுகிற மாதிரி, சம்பூரணம் நிறுத்து, சம்பூரணம் வந்து எடு என்று கூப்பிடுவேன், எழுந்து பெட்டி பக்கம் போவேன், கை நடுங்கும், தொடாமல் திரும்புவேன். அவள் மாவுக் கையைக் காட்டுவாள். என்ன சொல்வாள். என்னவோ சொல்வாள், தினமும் சொல்கிற ஒன்று, அவசரமே இல்லாமல். சுத்தட்டும் விடுங்க. ஆமாம். சுத்தட்டும் விடுங்க, அதுல என்ன இருக்குது, பாட்டுத்தான் முடிஞ்சுபோச்சே. இதைத்தான் சொல்வாள், சொல்லிவிட்டு எனக்காக எழுந்து வந்து எடுப்பாள். ஒரு நாளா இரண்டு நாளா.

அவளுக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டு தட்டு வீணாப்போயிரும் என்று ஏன் சொன்னாள். அன்றைக்குப் பகல் முழுதும் நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த நேரத்தில் அதைப் பேசுவேனா. ஆனால் மனசு அங்கேதான் போய்ப் போய் வந்தது. அவள் மூச்சு இழுப்பதைப் பார்ப்பேன், பயம் வரும், அந்தப் பயத்தைப் பார்க்க முடியாமல் உடனே பெட்டி, சுற்றுகிறது, காலி வீடு, டப். ஜன்னலுக்குப் போனேன், வந்தேன், தண்ணீர் வேண்டுமா என்றேன், போனேன், வந்தேன். கட்டிலுக்கு இரும்புக் கம்பி இருந்தது, பச்சைப் பெயின்ட் உதிர்ந்து. அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்துக்கொண்டு. இப்போது இந்த மேஜை மேல் வைத்திருந்த விரலைப் பார்க்கிறேன். ஒரு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. அந்தக் கம்பியில் நான் இதைத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், அவள் தலைக்குப் பக்கத்தில், இரும்பில், மணிக்கணக்காக. நாற்பது வருஷம் அந்தச் சத்தத்தை நிறுத்த மாவுக் கையோடு எழுந்து வந்தவளுக்கு அது என்ன என்று தெரியாமல் போகுமா. எழுந்து வர முடியவில்லை. அதனால் என்னை அனுப்பினாள். உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை, போங்கள் என்று சொன்னால் நான் போயிருக்க மாட்டேன், நான் ஒன்றும் தவிக்கவில்லை என்று சண்டை பிடித்திருப்பேன், அதுவும் அவளுக்குத் தெரியும். தட்டு வீணாப்போயிரும் என்றால் போவேன்.

குழல் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே ஏதோ கிண்ணத்தில் டிணுங்கென்று விழுந்தது, பல்லாக இருக்கும். இறக்கத்தில் தேய்மானம் அதிகம், தட்டின் உள்பக்கம், அரவம் குழலை மூடப் பார்க்கிறது, மூடவில்லை. தம்பூரா மட்டும் தனியாகக் கொஞ்சம். முடிந்தது. முள் சறுக்கி உள்ளே போகிற அந்தச் சரசரப்பு. நான் எழுந்துவிட்டேன். முதல் பக்கம் முடிந்தால் எழுந்துகொள்கிற பழக்கம். இந்த மெஷினிலும் அந்தச் சின்னத் தண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், நடுங்கினாலும் ஒன்றும் ஆகாது. டப் என்றது. ஒரு மௌனம். டப். எங்கள் பெட்டியில் கேட்டதைவிடச் சின்னதாக இருந்தது, தூரத்தில் யாரோ துணி துவைக்கிற மாதிரி. தண்டுக்குப் போன கையை எடுத்துக்கொண்டேன். நின்றுகொண்டே இருந்தேன். பிறகு உட்கார்ந்தேன். விரல் தட்டுகிறதா என்று பார்த்தேன், மடியில் கிடந்தது. டப். இதைத்தான் அவள் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள், தினமும், ஒன்றும் ஆகாமல். வட்டம் சுற்றுகிறது, முள் ஓர் அங்குலம்கூட நகராமல் நிற்கிறது, அலை வருகிற இடத்தில் கை ஒரு தடவை மேலே போய்க் கீழே வருகிறது, தூங்குகிறவரின் நெஞ்சு மாதிரி. எவ்வளவு நேரம் கேட்டேன் என்று தெரியவில்லை.

டாக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார். வாசலிலேயே நின்றார். "அட, முடிஞ்சுபோச்சே. நிறுத்தலைங்களா சார்?"

"சுத்தட்டும் விடுங்க" என்றேன். "அதுல என்ன இருக்குது."

அவருக்குத் தான் சொன்னதை நான் திருப்பிச் சொல்கிறேன் என்று தோன்றியிருக்கும், சிரித்தார். அப்ப எந்த மெஷினுங்க, கனடாவா என்றார். இதுவேதானுங்க என்று இங்கிலாந்து மெஷினைக் காட்டினேன், ஒன்றுமே இல்லாததை. சரிங்க, நல்லதாப் போச்சு என்று தண்டைத் தள்ளி முள்ளைத் தூக்கினார். அறை திடீரென்று பெரிதாயிற்று. தட்டை இரண்டு விரலால் எடுத்து, உறைக்குள் போடப் போனவர் நின்று, புரட்டி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபக்கத்தைப் பார்த்தார். விளக்கில் சாய்த்து மறுபடி பார்த்தார். இந்தப் பக்கம் உழவே இல்லையே சார், ஏனுங்க என்றார். முதல் பக்கம் முடிந்தால் ஆலைச் சங்கு, இதைப் போட நேரம் இருந்ததில்லை என்றேன்.

தட்டின் இரண்டாம் பக்கம் தேயவில்லை.